திசை சொல்லும், தூரம் சொல்லாது... கடலுக்கடியில் காதால் ஒரு வேட்டை!

இரவு பதினோரு மணி. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். ஒருவர் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். திரையில் வெடிச்சத்தம் இல்லை, துரத்தல் இல்லை. திசைகாட்டி போல ஒரு வட்டம், பக்கத்தில் வெறும் நீல நிறத்தில் ஒரு கடல் வரைபடம். அவ்வளவுதான். இருபது நிமிடங்களாக அவர் செய்வதெல்லாம், ஒரு சக்கரத்தை மெதுவாகச் சுழற்றி, 'தொப்... தொப்... தொப்...' என்று எங்கிருந்தோ வரும் மெல்லிய சத்தத்தைக் கேட்பதும், வரைபடத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுப்பதும்தான்.

பக்கத்தில் நின்று பார்ப்பவர்கள், 'இதெல்லாம் ஒரு கேமா?' என்றுதான் கேட்பார்கள். ஆனால், 1985-ல் சித் மெய்யர் உருவாக்கிய 'சைலன்ட் சர்வீஸ்' தொடங்கி, 2005-ல் வந்த 'சைலன்ட் ஹன்டர் 3', அதே ஆண்டின் 'டேஞ்சரஸ் வாட்டர்ஸ்', 2024-ல் முழுமையாக வெளியான 'யூபோட்' வரை, நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டுகளுக்கென்று ஒரு பொறுமைசாலிக் கூட்டம் நாற்பது ஆண்டுகளாக இருந்துகொண்டே இருக்கிறது. அவர்களைக் கட்டிப்போட்டிருப்பது ஒரே ஒரு புதிர். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிகிறது. எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. என்ன செய்வது?

குயில் எங்கே?

இந்தப் புதிர் நமக்குப் புதிதல்ல. காலையில் கொல்லைப்புறத்தில் குயில் கூவுகிறது. வேப்பமரத்துப் பக்கம்தான் என்று காது சொல்லிவிடும். நம் வேப்பமரத்திலா, அதற்கு அப்பால் எதிர்வீட்டு மாமரத்திலா என்று கேட்டால் காதுக்குப் பதில் தெரியாது. நாலடி தள்ளிப்போய் நின்று மறுபடி கேட்டால் ஓரளவு பிடிபடும். இந்த நாலடியில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. பிறகு வருவோம்.

தண்ணீருக்குள் நிலைமை இன்னும் மோசம். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். கடல்நீரிலோ சுமார் 1500 மீட்டர். நம் இரண்டு காதுகளுக்கும் ஒரு சத்தம் வந்து சேரும் நேரத்தில் இருக்கும் நூலிழை வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. நீருக்குள் ஒலி நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் ஓடுவதால் அந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. கடலில் மூழ்கி நீந்துபவர்களுக்கு ஒரு படகின் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வருவதுபோலத் தோன்றுவது இதனால்தான்.

அதனால், கப்பலுக்குப் பெரிய காதுகள் வேண்டும். இரண்டாம் உலகப்போர்க்கால ஜெர்மன் நீர்மூழ்கிகளில் முன்பகுதியின் இருபக்கமும் பக்கத்துக்கு 24 வீதம் 48 ஹைட்ரோபோன்கள், அதாவது நீருக்கடியில் கேட்கும் மைக்குகள், பொருத்தியிருந்தார்கள். உள்ளே சின்ன அறையில் இருக்கும் ஆபரேட்டர் ஒரு சக்கரத்தைச் சுழற்றுவார். எந்தக் கோணத்தில் வைக்கும்போது சத்தம் மிகத் தெளிவாகக் கேட்கிறதோ, அதுதான் கப்பல் இருக்கும் திசைக்கோணம். கடலோடிகள் மொழியில் 'பேரிங்'. ஒரு தனிக்கப்பலை 20 கிலோமீட்டர் தூரத்திலும், பெரிய கப்பல் கூட்டத்தை 100 கிலோமீட்டர் தூரத்திலும்கூட அந்தக் காது பிடித்துவிடும் என்கிறார்கள். பெரிஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்க்கக்கூடிய தூரத்தைவிட இது மிக அதிகம்.

'சைலன்ட் ஹன்டர் 3' விளையாட்டில் அந்தச் சக்கரத்தை விளையாடுபவரே சுழற்றலாம். சோம்பேறிகளுக்கு வேலையைச் செய்துதரும் கம்ப்யூட்டர் ஆபரேட்டரும் உண்டு. ஆனால், ருசி கண்டவர்கள் அவரை எழுப்பிவிட்டுத் தாங்களே உட்கார்ந்துகொள்கிறார்கள்.

திசை மட்டும் போதாதா?

போதாது. அந்தக் காலத்து டார்பிடோக்களில் பெரும்பாலானவை ஏவிய வழியில் நேராக ஓடுபவை. ஜெர்மானியர்களின் மின்சார டார்பிடோ ஒன்று 30 நாட் வேகத்தில் ஓடியது. இலக்கு 3 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தால், போய்ச்சேர மூன்று நிமிடங்களுக்கும் மேலாகும். அதற்குள், 8 நாட் வேகத்தில் நிதானமாகப் போகும் ஒரு சரக்குக் கப்பல்கூடச் சுமார் 800 மீட்டர் நகர்ந்திருக்கும். எனவே, கப்பல் இப்போது இருக்கும் இடத்துக்குக் குறிவைத்துப் பிரயோஜனம் இல்லை. மூன்று நிமிடம் கழித்து அது எங்கே இருக்கும் என்று தெரிய வேண்டும். அதற்குத் தூரம், வேகம், போகும் திசை மூன்றும் தேவை. கையில் இருப்பதோ ஒரே ஒரு கோணம்.

'ஒலி அலையை அனுப்பி எதிரொலியைக் கேட்டால் தூரம் தெரிந்துவிடுமே?' என்று கேட்கலாம். தெரியும். கூடவே, நீங்கள் இருக்கும் இடமும் எதிரிக்குத் தெரியும். இருட்டில் ஒளிந்திருப்பவன் டார்ச் அடித்துப் பார்ப்பதுபோலத்தான் அது. அதனால் நீர்மூழ்கிகள் பெரும்பாலும் கேட்கும், பேசாது.

இனி, பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டிலும் வரைபடத்தோடு பென்சில், ஸ்கேல், காம்பஸ், கோணமானி எல்லாம் கொடுத்துவிடுகிறார்கள்.

முதலில் என்ஜினை நிறுத்திவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். சத்தம் வரும் திசையில் ஒரு கோடு. பத்து நிமிடம் கழித்து இன்னொரு கோடு. மேலும் பத்து நிமிடம் கழித்து மூன்றாவது கோடு. மூன்றும் நீர்மூழ்கி நிற்கும் புள்ளியிலிருந்து விசிறிபோல விரிந்திருக்கும். இலக்கு ஒரே வேகத்தில் நேராகப் போகிறது என்றால், சம இடைவெளிகளில் சம தூரத்தைத்தான் கடந்திருக்கும். ஆகவே, முதல் கோட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே எவ்வளவு நீளமோ, அதே நீளம் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே வரும்படி ஸ்கேலைச் சாய்த்து வைக்க வேண்டும். அப்படிச் சாய்ந்து நிற்கும் ஸ்கேல் காட்டுவதுதான் கப்பல் போகும் பாதையின் திசை.

'கண்டுபிடித்துவிட்டோம்' என்று துள்ளும் நேரத்தில்தான் சிக்கல் புரியும். அதே சாய்வு மாறாமல் ஸ்கேலை உங்களை நோக்கி இழுத்தாலும் பொருந்துகிறது. தள்ளி வைத்தாலும் பொருந்துகிறது. பக்கத்தில் மெதுவாகப் போகும் ஒரு சிறு படகும், தூரத்தில் வேகமாகப் போகும் பெரிய கப்பலும் அசையாமல் நிற்பவர் காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்கும். நாள் முழுக்க அங்கேயே நின்று நூறு கோடு போட்டாலும் இந்தக் குழப்பம் தீராது.

இங்கேதான் குயிலுக்காகத் தள்ளிப்போன அந்த நாலடி வருகிறது. என்ஜினை இயக்கி, சத்தம் வரும் கோட்டுக்குக் குறுக்காகக் கொஞ்ச தூரம் போக வேண்டும். நீருக்கடியில் 4 நாட் வேகத்தில் இருபது நிமிடம் போனால் சுமார் இரண்டரை கிலோமீட்டர். அங்கிருந்து நான்காவது கோடு. பழைய இடத்திலேயே இருந்திருந்தால் இந்நேரம் சத்தம் எந்தக் கோணத்தில் கேட்டிருக்கும் என்பதை முதல் மூன்று கோடுகளை வைத்தே கணக்கிட்டுவிடலாம். அந்தக் கணக்குக் கோடும், இப்போது நிஜமாகக் கேட்ட கோடும் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ, அங்கே இருக்கிறது கப்பல். ஒரே இடம், ஒரே விடை. கடலுக்கு மேலே ஒருமுறைகூட எட்டிப்பார்க்காமல்!

முதல்முறை இது சரியாக அமைந்து, பெரிஸ்கோப்பை உயர்த்தும்போது சொன்ன இடத்தில் ஒரு புகைபோக்கி தெரிவது இருக்கிறதே... அந்தச் சந்தோஷம் துப்பாக்கி சுடும் விளையாட்டுகளில் கிடைக்கிற வகை அல்ல. பரீட்சையில் கடைசிக் கணக்கின் விடை சரியாக வந்த மாணவனின் சந்தோஷம்.

பெரும்பாலும் சரியாக வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 10 கிலோமீட்டர் தூரத்தில் ஒரே ஒரு டிகிரி பிசகினால் 175 மீட்டர் தள்ளிப்போய்விடும். நம் கப்பலின் பின்பக்கம் நம் ப்ரொப்பெல்லர் சத்தமே எல்லாவற்றையும் அமுக்கிவிடும். வேகமாகப் போனால் காது அடைத்துவிடும். மெதுவாகப் போனால் இலக்கு கைநழுவிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இடையில் அந்தக் கப்பல் கொஞ்சம் திரும்பிவிட்டால் போட்ட கோடுகள் அத்தனையும் குப்பை. போர்க்காலக் கப்பல்கள் வளைந்து வளைந்து போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

1958-ல் அமெரிக்கக் கடற்படையில் லெஃப்டினென்டாக இருந்த ஜான் எகலண்ட் இதற்கு இன்னும் சுருக்கமான வழி ஒன்றைச் சொன்னார். நிற்கவே வேண்டாம். முதலில் ஒரு பக்கமாகக் குறுக்கே போங்கள். கோணம் நிமிடத்துக்கு எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். பிறகு எதிர்ப்பக்கமாகத் திரும்பிப் போய், மறுபடி பாருங்கள். உங்கள் குறுக்கு வேகத்தின் வித்தியாசத்தை, கோணம் மாறிய வேகத்தின் வித்தியாசத்தால் வகுத்தால் தூரம் வந்துவிடும். உதாரணமாக, வலப்பக்கம் 4 நாட், பிறகு இடப்பக்கம் 4 நாட் என்றால் வித்தியாசம் 8. கோணம் முதலில் நிமிடத்துக்கு அரை டிகிரி இடப்பக்கமும், பிறகு நிமிடத்துக்கு ஒன்றரை டிகிரி வலப்பக்கமும் நகர்ந்தால் வித்தியாசம் 2. இலக்கு சுமார் 7 கிலோமீட்டரில் இருக்கிறது. ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்துத் தந்திக்கம்பங்கள் விருட்டென்று ஓடுவதையும், தூரத்து மலை நகராமல் கூடவே வருவதையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரிந்துவிடும். பக்கத்தில் இருப்பது வேகமாகக் கோணம் மாறும். தூரத்தில் இருப்பது மெதுவாக மாறும்.

25 வயது கேப்டன், 4 டார்பிடோக்கள்

இதை யாராவது நிஜமாகவே, உயிரைப் பணயம் வைத்துச் செய்திருக்கிறார்களா? செய்திருக்கிறார்கள்.

1945, பிப்ரவரி 9. நார்வேயின் ஃபெட்யே தீவுக்கு அருகே பிரிட்டனின் 'வென்ச்சரர்' நீர்மூழ்கி ரோந்து போய்க்கொண்டிருந்தது. கேப்டன் ஜிம்மி லாண்டர்ஸுக்கு வயது 25. அவர் தேடியது, ஜப்பானுக்கு ஜெட் என்ஜின் பாகங்களையும் சுமார் 67 டன் பாதரசத்தையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஜெர்மனியின் 'யு-864' நீர்மூழ்கியை. அதில் 73 பேர் இருந்தார்கள். என்ஜின் கோளாறால் அது பாதி வழியில் திரும்பிக்கொண்டிருந்தது.

வென்ச்சரரின் ஹைட்ரோபோன் ஆபரேட்டருக்கு முதலில் கேட்டது விநோதமான ஒரு சத்தம். யாரோ உள்ளூர் மீனவர் டீசல் என்ஜினை ஸ்டார்ட் செய்கிறார்போல என்றுதான் நினைத்தார்கள். பிறகு, பெரிஸ்கோப் வழியாகப் பார்த்தபோது தண்ணீருக்கு மேலே ஒரு கம்பம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நீர்மூழ்கிகளும் நீருக்குள்.

எதிரொலி அனுப்பும் கருவி லாண்டர்ஸிடம் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. காதை மட்டும் நம்பி, மணிக்கணக்கில் பின்தொடர்ந்தார். ஜெர்மன் நீர்மூழ்கி வளைந்து வளைந்து போனது. அது மேலே வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. அவருடைய பேட்டரியோ குறைந்துகொண்டே போனது. அந்த நாளில் கணக்குப் போடும் கருவிகளெல்லாம் நீரின் மேல் மிதக்கும் கப்பல்களைத் தாக்குவதற்கானவை. இங்கே இலக்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணிக்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு தாக்குதல் அதற்குமுன் வெற்றிபெற்றதே இல்லை.

அவர் ஒன்றைக் கவனித்தார். எதிரி தாறுமாறாக வளையவில்லை. வளைவதில் ஓர் ஒழுங்கு இருந்தது. பகல் 12:12-க்கு, பதினேழரை விநாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு டார்பிடோக்களை வெவ்வேறு ஆழங்களில் ஏவினார். போய்ச்சேர நான்கு நிமிடம். யு-864 காதில் டார்பிடோ சத்தம் விழுந்து, திரும்பி, ஆழத்துக்குப் பாய்ந்தது. முதல் மூன்றிலிருந்தும் தப்பியது. தப்பித் திரும்பிய வழியில் நான்காவது காத்திருந்தது.

73 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இரண்டு நீர்மூழ்கிகளும் நீருக்குள் இருக்கும்போது ஒன்று மற்றொன்றைப் போரில் மூழ்கடித்ததாகப் பதிவாகியிருப்பது இன்றுவரை இந்த ஒரு சம்பவம்தான். இரண்டாகப் பிளந்த யு-864-ஐ 2003-ல் நார்வே கடற்படை 150 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தது. பாதரசம் கடலில் கசிகிறது என்பதால் அதை வெளியே எடுப்பதா, அப்படியே மூடிவிடுவதா என்று அந்த நாடு பல ஆண்டுகள் விவாதித்தது.

நீர்மூழ்கி விளையாட்டுகளைப் பற்றிப் பேசும்போது இந்த 73 பேரை மறந்துவிடக்கூடாது. போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளில் போன சுமார் 40,000 பேரில் ஏறத்தாழ 30,000 பேர் திரும்பவில்லை. அவர்கள் மூழ்கடித்த கப்பல்களில் இறந்தவர்களும் ஆயிரக்கணக்கானோர். ஹெட்போனில் கேட்கும் அந்த 'தொப் தொப்' ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காலத்தில் நிஜ மனிதர்கள் இருந்தார்கள்.

புள்ளிகள் பொய் சொல்லும்

நவீன நீர்மூழ்கிகளில் பென்சிலும் ஸ்கேலும் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அமெரிக்கக் கடற்படைக்காகவும் வேலை செய்யும் சோனாலிஸ்ட்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'டேஞ்சரஸ் வாட்டர்ஸ்' விளையாட்டில் இதைப் பார்க்கலாம். ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பார்த்து வேகத்தைக் கணிக்கலாம். இலக்கின் தூரம், வேகம், பாதை இன்னதென்று ஒரு யூகத்தைக் கொடுத்தால், கேட்ட கோணங்களுக்கும் யூகத்துக்கும் உள்ள பிசகைத் திரை வரிசையாகப் புள்ளிகளாகக் காட்டும். யூகம் சரியென்றால் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நூல் பிடித்ததுபோல நேராக நிற்கும்.

புதிதாக விளையாடுபவர்கள் விழும் குழி இதுதான். நீங்கள் திரும்பாமல் ஒரே வழியில் போய்க்கொண்டிருந்தால், தப்பான விடைக்கும் புள்ளிகள் அழகாக நிற்கும். 15 கிலோமீட்டர் என்று வைத்தாலும் நிற்கும், 4 கிலோமீட்டர் என்று வைத்தாலும் நிற்கும். திரும்பிப் போய், போதுமான நேரம் காத்திருந்தால்தான் பொய்யான வரிசை வளையத் தொடங்கும். அவசரப்பட்டு இரண்டு நிமிடத்தில் மறுபடி திரும்பினால் எதுவும் தெரியாது.

இது விளையாட்டுக்கு மட்டுமான பாடமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2001, அதே பிப்ரவரி 9. ஹவாயின் ஓஹு தீவுக்கு அருகே அமெரிக்காவின் 'கிரீன்வில்' அணுசக்தி நீர்மூழ்கி, 16 விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு தன் திறமைகளைச் செய்துகாட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமாக ஜப்பானின் உவாஜிமா மீன்வளப் பள்ளி மாணவர்களின் பயிற்சிக் கப்பல் 'எஹிமே மாரு' வந்துகொண்டிருந்தது. அதன் சத்தம் நீர்மூழ்கியின் சோனாரில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால், நிகழ்ச்சி தாமதமாகிவிட்ட அவசரத்தில், கோணங்களை அளக்கத் திரும்பிப்போன ஓட்டங்கள் மிகக் குறுகியவையாக இருந்தன. ஒரு கட்டத்தில் கணக்குப் போடுபவரின் திரையில் அந்தக் கப்பல் சுமார் 4,000 கஜ தூரத்தில் இருப்பதாக வந்தது. அறை முழுக்க விருந்தினர் கூட்டம். அவர் அதை அதிகாரிகளிடம் சொல்லவில்லை. பெரிஸ்கோப்பை உயர்த்தி அவசரமாக ஒரு சுற்றுப் பார்த்தார்கள். மூட்டமான வானத்தின் பின்னணியில் அந்த வெள்ளைக் கப்பல் கண்ணில் படவில்லை. 'அருகே யாரும் இல்லை' என்று முடிவானதும், தன் கணக்குத்தான் தப்பு என்று அவர் நினைத்துவிட்டார்.

நீர்மூழ்கி ஆழத்திலிருந்து பாய்ந்து மேலே வந்து, கப்பலின் அடிப்பகுதியைக் கிழித்தது. எஹிமே மாரு சில நிமிடங்களில் மூழ்கியது. கப்பலில் இருந்த 35 பேரில் 9 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் பள்ளி மாணவர்கள்.

விளையாட்டில் இந்தக் கணக்கு தப்பினால் டார்பிடோ வீணாகும். சேவ் செய்த இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். இருந்தாலும், நல்ல ஆட்டக்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. முதல் விடையை நம்பாமல் கப்பலைத் திருப்பி, புள்ளிகள் வளைகின்றனவா என்று இன்னொரு பத்து நிமிடம் காத்திருக்கிறார்கள். காலத்தை வேகமாக ஓட்டும் வசதியும் இந்த விளையாட்டுகளில் இருக்கிறது. கூர்ந்து கேட்க வேண்டிய நேரம் வந்ததும் அதை அணைத்துவிடுபவர்கள் உண்டு.

இப்போது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அம்மா, ஹாலில் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் தூங்கலையாடா?" என்கிறார். அவன் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கி, குரலைத் தாழ்த்திச் சொல்கிறான்:

"இன்னும் ஒரே ஒரு கோடும்மா!"